பிளெயின்ஸ் ஊர்க் கடலை வியாபாரி ஜிம்மி கார்ட்டர்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

தொடங்குபவர், ஆல்ஃபரெட்டா, ஜார்ஜியா

கார்ட்டர் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது ஈரான் பணயக்கைதிகள், கேம்ப் டேவிட் ஒப்பந்தம், அப்புறம் 2002-இல் கிடைத்த நோபல் பரிசு. வெள்ளை மாளிகையில் அவர் இருந்தது நான்கே வருடம். வாழ்ந்தது நூறு வருடம். அதில் பெரும்பகுதி, அறுநூறு பேர்கூட இல்லாத பிளெயின்ஸ் என்ற சின்ன ஊரில் போனது. அங்கே அவர் கடலை வியாபாரி, பாப்டிஸ்ட் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியர். அதற்கு முன்னால் கடற்படையில் நீர்மூழ்கிக் கப்பல் அதிகாரி. அந்த மனிதரைப் பார்த்தவர்கள் நம்மில் சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுங்கள். அரசியல் பேச வேறு இடம் இருக்கிறது.

நான் பார்த்தது 2015 இலையுதிர் காலத்தில். அந்த ஆகஸ்டில்தான் தனக்கு மெலனோமா புற்றுநோய், மூளை வரை பரவிவிட்டது என்று அவரே பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு அமைதியாகச் சொல்லியிருந்தார். வயது தொண்ணூறு. சொன்ன அந்த வார ஞாயிறே வழக்கம்போல வகுப்பெடுக்க வந்துவிட்டார் என்று செய்தியில் பார்த்தேன். இனித் தள்ளிப்போடக் கூடாது என்று என் மனைவியும் நானும் கிளம்பினோம். சனி இரவு பக்கத்து ஊரான அமெரிக்கஸில் தங்கினோம். விடியுமுன் மாரநாதா சபைக்குப் போனால், புல்வெளியில் ஏற்கெனவே கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. வண்டிக்கு ஒரு எண் கொடுத்து விடுகிறார்கள், முண்டியடிக்க வேண்டியதே இல்லை.

நாய் வந்து மோப்பம் பிடித்தது, பைகளைத் திறந்து பார்த்தார்கள், உள்ளே விட்டார்கள். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை என்று சொன்னார்கள், ஒரு அம்மா முன்னால் வந்து நின்று எங்களுக்கு விதிமுறை சொன்னார். கைதட்டக் கூடாது. வகுப்பு நடக்கும்போது படம் எடுக்கக் கூடாது. படம் வேண்டுமென்றால் பதினொரு மணி ஆராதனை முடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். படம் எடுக்கும்போது கை குலுக்க நீட்டக் கூடாது, பேச்சுக் கொடுக்கக் கூடாது. கண்டிப்பும் பிரியமும் கலந்த குரல். மொத்தக் கூட்டமும் நாலாம் வகுப்பாக மாறிவிட்டது.

கார்ட்டர் பக்கத்துக் கதவு வழியாக வந்தார். கழுத்தில் டைக்குப் பதில் கயிறும் கல் பதக்கமும். வரிசை வரிசையாகக் கை காட்டி, எங்கிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஒஹாயோ, டெக்ஸாஸ், ஜெர்மனி. ஒருவர் வாஷிங்டன் என்றதும், தானும் முன்பு அங்கே குடியிருந்ததாகச் சொன்னார். அது அவர் ஒவ்வொரு வாரமும் சொல்வதுதானாம், ஆனாலும் எல்லாரும் சிரித்தோம். என் மனைவி இந்தியா என்றாள். தலையை ஆட்டிக் கண்ணால் சிரித்தார். (அவருடைய அம்மா லில்லியன் 68 வயதில் பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பில் சேர்ந்து மும்பை விக்ரோலியில் நர்ஸாக வேலை பார்த்தவர். அந்த ஒரு நொடியில் அது என் மனதில் ஓடியது.)

வகுப்பு முக்கால் மணி நேரம். போன வாரம் என்ன செய்தேன் என்பதில் ஆரம்பித்து வேத பகுதிக்கு வந்தார். நடுநடுவே கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும் வரை நிஜமாகவே காத்திருந்தார். குரல் மெலிவு. மேடைப் பேச்சு என்று சொல்ல ஒன்றும் இல்லை. காணிக்கைத் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தபோது பக்கத்தில் இருந்தவர் மெல்லச் சொன்னார்: இந்த மரத்தட்டைக் கடைந்தது அவர்தான். எதிர்ச் சுவரில் தொங்கும் சிலுவையும் அவர் வீட்டுத் தச்சுப் பட்டறையில் செய்ததுதானாம். தட்டை அடுத்தவரிடம் கொடுக்க மனம் வராமல் ஓரத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இழைத்திருந்தது, ஒரு சிராய் இல்லை.

திண்டிவனம்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் கடலை மண்டி. மகள் அட்லாண்டாவில் படித்தபோது அவளைப் பார்க்கப் போனவன், பிளெயின்ஸுக்குக் கூட்டிப்போ என்று பிடிவாதம் பிடித்தேன். கார்ட்டரை எட்ட இருந்துதான் பார்த்தேன், வண்டியில் ஏறிப் போனார். எனக்கு அவருடைய வியாபாரம் நடந்த இடத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைத்தெரு என்பது ஒரே வரிசைக் கட்டடங்கள். எதிரே பழைய ரயில் நிலையம். 1976 தேர்தலில் அதுதான் அவருடைய பிரசார அலுவலகம். அந்தத் தெருவில்தான் சின்னப் பையனாக வேகவைத்த கடலையைப் பொட்டலம் கட்டி விற்றிருக்கிறார். கடலை விற்கும் கடை ஒன்றில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், விவசாயி. நான் கடலைக்காரன் என்று மகள் சொன்னதும் இடம் போட்டுக் கொடுத்தார். அவர் சொன்னதையும் நான் படித்திருந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

1953 ஜூலையில் கார்ட்டரின் அப்பா புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். மகன் அப்போது நியூயார்க் மாநிலத்தில் கடற்படையின் அணுசக்திப் பிரிவில், நல்ல எதிர்காலம் உள்ள உத்தியோகத்தில் இருந்தார். அப்பாவின் கடைசி நாட்களில் ஊருக்கு வந்தவர், படுக்கையைத் தேடி வரிசையாக ஆட்கள் வந்ததைப் பார்த்தார். கறுப்பர், வெள்ளையர் எல்லாரும். அவர் செய்த உதவியை ஒவ்வொருவரும் சொல்லிவிட்டுப் போனார்கள். நான் சாகும்போது என்னைத் தேடி யார் வருவார்கள் என்ற கேள்விதான் வேலையை விட வைத்தது. மனைவி ரோஸலினுக்குத் துளியும் இஷ்டமில்லை. ஊருக்குத் திரும்பிய கார் பயணம் முழுக்கப் புருஷனோடு பேசவே இல்லை, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பெரிய பையன் மூலமாகத்தான்.

வந்த முதல் வருடமே, 1954, வறட்சி. வருட லாபம் 200 டாலரைக்கூட எட்டவில்லை. அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிய வீட்டில் குடியிருந்தார்கள். விதைக்கடலை உற்பத்தி, உர விற்பனை, உரிக்கும் ஆலை, கிடங்கு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார். கணக்குப் புத்தகம் ரோஸலின் கையில். எந்தச் சரக்கில் காசு நிற்கும், எதில் கை கடிக்கும் என்று தன்னைவிட அவருக்குத்தான் தெரியும் என்று கார்ட்டரே பலமுறை சொன்னதுதான். எங்கள் தொழிலில் இதை ஒத்துக்கொள்ளும் ஆண்கள் குறைவு. அதனாலேயே எனக்கு அவர்மேல் மரியாதை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, தெற்கு முழுக்க வெள்ளையர் சங்கங்கள் முளைத்தன. பிளெயின்ஸ் வெள்ளைக்காரர்களில் சேராதவர் கார்ட்டர் ஒருவர்தான். ஊர்ப் போலீஸ் தலைவரும் ரயில் நிலைய ஏஜென்டும் கிடங்குக்கே வந்து கேட்டார்கள். அந்த ஏஜென்ட் ஒரு பாப்டிஸ்ட் போதகரும்கூட. சந்தா 5 டாலர்தான், நாங்களே கட்டிவிடுகிறோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். முடியாது என்றுவிட்டார். கொஞ்ச நாள் சிலர் அவர் கடைக்கு வராமல் நிறுத்திக்கொண்டார்கள்.

மண்டிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன், 5 டாலர் பெரிதில்லை. அறுவடை நேரத்தில் நாலு பெரிய விவசாயி வேறு கிடங்குக்கு வண்டியைத் திருப்பினால் அந்த வருடம் முடிந்தது. கடனுக்கு விதையும் உரமும் கொடுத்து வைத்திருப்போம், அதுவும் நிற்கும். ஊரோடு ஒத்துப்போ என்று நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். அந்தப் பயத்தை நான் அனுபவித்திருக்கிறேன். கேம்ப் டேவிட்டைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். அங்கே உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே யாரும் பார்க்கவில்லை.

டீப் ரிவர், ஒன்டாரியோ

நான் கார்ட்டரைப் பார்த்ததில்லை, அவரோடு வேலை செய்த இடத்தில் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கனடாவின் சாக் ரிவர் அணு ஆய்வுக்கூடத்துக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். இங்கே 1952 டிசம்பர் 12 அன்று என்ஆர்எக்ஸ் உலையில் விபத்து நடந்தது. எரிபொருள் தண்டுகள் வெடித்து உருகி, கதிரியக்கத் தண்ணீர் அடித்தளம் முழுக்க நிரம்பிவிட்டது. (மும்பை டிராம்பேயில் இருந்த சைரஸ் உலை இதே வடிவமைப்பில்தான் கட்டப்பட்டது.)

சுத்தம் செய்ய அமெரிக்கக் கடற்படையும் ஆள் அனுப்பியது. அதில் ஒரு குழுவுக்குத் தலைவர் 28 வயது லெப்டினன்ட் கார்ட்டர். உலையின் அந்தப் பகுதியை அப்படியே ஒரு டென்னிஸ் மைதானத்தில் மாதிரியாகச் செய்து வைத்து, யார் எந்த ஆணியைக் கழற்றுவது என்று ஒத்திகை பார்த்தார்கள். ஒரு ஆள் உள்ளே இருக்கலாம் என்று அனுமதித்தது சுமார் 90 நொடி. ஓடிப்போய் ஒரு ஆணியைக் கழற்றிவிட்டு ஓடி வர வேண்டும். உள்ளே ஒன்று கழன்றதும் வெளியே மாதிரியிலும் அதே ஆணியைக் கழற்றி வைப்பார்கள், அடுத்தவனுக்கு எங்கே தொடங்குவது என்று தெரிய வேண்டுமே. கார்ட்டரும் வரிசையில் நின்று இறங்கினார். ஆறு மாதம் வரை தன் சிறுநீரில் கதிரியக்கம் இருந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

நான் இங்கே வந்த புதிதில் என் தெருவில் ஓய்வு பெற்ற ஆபரேட்டர் ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. அவருக்குக் கார்ட்டர் ஜனாதிபதியானதைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. வந்த குழுக்களில் ஒழுங்காக ஒத்திகை பார்த்து வந்த குழு எது என்பதுதான் அவருக்கு முக்கியம். அமெரிக்கப் பையன்கள் வேலையை மதித்தார்கள் என்பார்.

இதோடு ரிக்கோவர் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அணு நீர்மூழ்கித் திட்டத்தை உருவாக்கிய ரிக்கோவர் ஒவ்வொரு அதிகாரியையும் தானே நேர்முகம் செய்வார். கடற்படைக் கல்லூரியில் என்ன இடம் என்று கேட்டார். எண்ணூற்றுச் சொச்சம் பேரில் அறுபதுக்குள் வந்தவர், பாராட்டுக் கிடைக்கும் என்று கார்ட்டர் நினைத்தார். உன்னால் முடிந்த அளவு செய்தாயா என்றார் ரிக்கோவர். யோசித்துவிட்டு, எப்போதும் அப்படிச் செய்யவில்லை ஐயா என்றார் இவர். ஏன் செய்யவில்லை என்று கேட்டுவிட்டு அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கேள்விக்குக் கார்ட்டரிடம் பதில் இல்லை. வேலை கிடைத்தது. பின்னால் தேர்தலுக்காக எழுதிய சுயசரிதைக்குத் தலைப்பும் அந்தக் கேள்விதான்.

2005-இல் அவர் பெயரில் ஒரு அணு நீர்மூழ்கிக் கப்பல் கடற்படையில் சேர்ந்தது. நீர்மூழ்கியில் பணியாற்றித் தேர்ச்சி பெற்ற ஒரே ஜனாதிபதி அவர்தான், அதனால் அந்தப் பெயர் பொருத்தம்.

டல்லாஸ்

சின்ன அனுபவம். அட்லாண்டாவிலிருந்து கிளம்பும் சாதாரண விமானம். ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகு முன்பக்கம் ஏதோ சலசலப்பு. பார்த்தால் கார்ட்டர் நடைபாதையில் ஒவ்வொரு இருக்கையாக வந்து கை கொடுத்துக்கொண்டே வருகிறார். கடைசி வரிசை வரை. என் மடியில் கைக்குழந்தை, என் கை காலியில்லை. குழந்தையின் காலைப் பிடித்து லேசாக ஆட்டிவிட்டுப் போனார். ஏறும் விமானத்தில் எல்லாம் இப்படித்தான் செய்வார் என்று பணிப்பெண் சொன்னார்.

சென்னை

இழையைக் கெடுப்பதற்காக எழுதவில்லை, ஆனால் முழுப் படமும் வேண்டும். 1978 ஜனவரியில் டெல்லிக்கு வந்தவர், ஒலிவாங்கி திறந்திருப்பது தெரியாமல், இந்தியாவுக்குக் கடுமையான கடிதம் ஒன்று எழுத வேண்டும் என்று தன் வெளியுறவு அமைச்சரிடம் சொன்னது ஊரெல்லாம் கேட்டது. அதே வருடம் கொண்டுவந்த அணுப் பரவல் தடைச் சட்டத்தால் தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் சிக்கல். அந்தக் காலத்தில் அணுசக்தித் துறையில் இருந்த என் மாமாவுக்குக் கார்ட்டர் பெயரைச் சொன்னாலே முகம் மாறும். அதே பயணத்தில் ஹரியானாவில் ஒரு கிராமத்துக்குப் போனார், அந்த ஊர் தன் பெயரையே கார்ட்டர்புரி என்று மாற்றிக்கொண்டது என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்று. 1970-இல் ஜார்ஜியா ஆளுநர் தேர்தலில் நிறப் பிரிவினைவாதிகளின் ஓட்டைக் குறிவைத்துத்தான் பிரசாரம் செய்தார். ஜெயித்து 1971 ஜனவரியில் பதவியேற்ற அன்று, நிறப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். ஓட்டுப் போட்டவர்கள் அதிர்ந்துபோனார்கள். 5 டாலர் தர மறுத்தவர்தான் அந்தப் பிரசாரமும் செய்தார். திண்டிவனத்து அண்ணன் இதற்கு என்ன சொல்வார்?

திண்டிவனம்

தம்பி, நீங்கள் சொல்வது சரி. அந்தப் பிரசாரத்துக்கு நான் சாக்குச் சொல்ல மாட்டேன். ஓட்டுக்காக இறங்கி வந்தார், அதில் மறைக்க ஒன்றுமில்லை. நான் மதிப்பது கிடங்கில் நின்ற கார்ட்டரை.

புனே

2006-இல் லோனாவாலா பக்கம் மளவ்லியில், வீடில்லாதவர்களுக்காக நூறு வீடு கட்டும் வேலை நடந்தது. ஹேபிடட் அமைப்பின் ஏற்பாடு, அது பிளெயின்ஸுக்குப் பக்கத்து ஊரான அமெரிக்கஸில் பிறந்த அமைப்பு. நான் வேலை செய்த கம்பெனியிலிருந்து எங்களைத் தொண்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கார்ட்டருக்கு அப்போது 82 வயது.

பெரிய மனிதர் வந்தால் ஒரு செங்கல்லைத் தொட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவார் என்று நினைத்தோம். காலையில் எங்களுக்கு முன்னால் தளத்தில் இருந்தார். ஜெபம் முடிந்ததும் வேலையில் இறங்கினார், சாப்பாட்டு நேரம் வரை தலை நிமிரவில்லை. படத்துக்கு என்று தனியே நேரம் ஒதுக்கியிருந்தார்கள், மற்ற நேரத்தில் யாராவது கேமராவோடு வந்தால் ஒரு பார்வைதான். பக்கத்து வீட்டில் ரோஸலின் அம்மாவும் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்தார். நாங்கள் வைத்த கதவுச் சட்டம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. வந்து பார்த்தார், ரசமட்டத்தை எங்கள் கையில் கொடுத்துவிட்டு நின்றார். கழற்றி மறுபடி வைத்த பிறகுதான் நகர்ந்தார். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

மேக்கன், ஜார்ஜியா

2025 ஜனவரி 4 அன்று பிளெயின்ஸ் தெருவோரம் நின்றிருந்தேன். அவர் இறந்தது 2024 டிசம்பர் 29, ரோஸலின் போய் ஒரு வருடத்துக்குச் சற்று மேல். அமெரிக்கஸ் மருத்துவமனையிலிருந்து ஊர்வலம் புறப்பட்டு, ஊர் வழியாக, அவர் வளர்ந்த ஆர்ச்சரி பண்ணை வரை வந்து நின்றது. அங்கே பண்ணை மணியை 39 முறை அடித்தார்கள், 39-ஆவது ஜனாதிபதி என்பதால். பிறகு வண்டிகள் அட்லாண்டா நோக்கிப் போயின. ஒன்பதாம் தேதி வாஷிங்டன் சடங்கு முடிந்து திரும்பக் கொண்டுவந்தபோது, கடற்படை ஜெட்கள் 21 தலைக்குமேல் பறந்தன. மாரநாதா சபையில் ஊர்க்காரர்களோடு ஜெபம், பிறகு சொந்த வீட்டு வளாகத்தில் மனைவி பக்கத்திலேயே அடக்கம்.

என் பக்கத்தில் நின்றவர் ஒரு கறுப்பின அம்மா, எண்பது வயது இருக்கும். சபை வாசலில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு போகும் கார்ட்டரைப் பார்த்ததாகச் சொன்னார். எங்கள் வாத்தியார் என்றார். ஜனாதிபதி என்ற சொல் அவர் வாயில் வரவே இல்லை.

தொடங்குபவர், ஆல்ஃபரெட்டா

எல்லோருக்கும் நன்றி. சென்னை நண்பர் எழுதியது இந்த இழையில் இருக்க வேண்டியதுதான். அதோடு சபை விஷயத்தையும் சேர்க்கிறேன், பாப்டிஸ்ட் என்றால் என்ன என்று தனி மடலில் சிலர் கேட்டிருந்தீர்கள்.

பாப்டிஸ்ட் சபையில் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கிடையாது. விவரம் தெரிந்த வயதில், தானே விசுவாசித்து, தண்ணீரில் முழுகி எடுப்பது. கார்ட்டர் பதினோரு வயதில் பிளெயின்ஸ் பாப்டிஸ்ட் சபையில் எடுத்தார். ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும், மேலே பேராயர் இல்லை. அதனால்தான் நம்மூர் சிஎஸ்ஐ மாதிரி மேலிடம் என்று கைகாட்ட முடியாது, முடிவு தப்பாகப் போனால் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு.

1965-இல் கறுப்பர்களை ஆராதனைக்கு உள்ளே விடக் கூடாது என்று அந்தச் சபையில் தீர்மானம் வந்தது. கார்ட்டர் எழுந்து எதிர்த்துப் பேசினார். ஓட்டெடுப்பில் அவர் பக்கம் ஆறே பேர், அதில் ஐந்து பேர் அவர் வீட்டார். தடை நிறைவேறியது. 1976-இல், தேர்தலுக்குச் சில நாள் முன்பு, ஆல்பனி ஊர்க் கறுப்பினப் போதகர் ஒருவர் சேர வந்தபோது ஆராதனையையே ரத்து செய்து கதவைப் பூட்டினார்கள். அந்தச் சண்டையில் சபை உடைந்து 1977-இல் பிறந்ததுதான் மாரநாதா. வெள்ளை மாளிகையை விட்டு 1981-இல் திரும்பியதும் கார்ட்டர் குடும்பம் இங்கே சேர்ந்தது. 2000-இல், பெண்கள் போதகராகக் கூடாது என்ற நிலைப்பாட்டை ஏற்க முடியாமல், தெற்கு பாப்டிஸ்ட் கூட்டமைப்போடு தன் உறவை முறித்துக்கொண்டார். மாரநாதாவில் ரோஸலினே டீக்கன் என்ற சபைப் பொறுப்பில் இருந்தவர்.

1981-இல் திரும்பியபோது வியாபாரமும் விழுந்து கிடந்தது. பதவியில் இருந்த காலத்தில் தன் கை படாமல் இருக்க வேண்டும் என்று அறங்காவலர் பொறுப்பில் விட்டிருந்தார், திரும்பிப் பார்த்தால் பத்து லட்சம் டாலருக்கு மேல் கடன். கிடங்கை விற்றுக் கடனை அடைத்தார், நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார், புத்தகம் எழுதிச் சம்பாதித்தார். பெரிய கம்பெனிகளின் குழுக்களில் பெயருக்கு உட்கார்ந்து பணம் பார்க்கவில்லை. 1961-இல் கட்டிய அதே வீட்டில் கடைசி வரை இருந்தார்கள்.

அவர் மாரநாதாவில் கடைசியாக வகுப்பெடுத்தது 2019 நவம்பர் 3. அதற்குச் சில வாரம் முன்பு கீழே விழுந்து முகத்தில் 14 தையல், அதோடு நாஷ்வில் போய் வீடு கட்டினார், பிறகு மறுபடி விழுந்து இடுப்பு எலும்பில் விரிசல். அன்று எடுத்தது யோபு புத்தகம். மரணத்தைப் பற்றித் தனக்கு முழு நிம்மதி என்று அன்று சொன்னார்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா என்று கேட்டவர்களுக்கு: தாராளமாக. ஞாயிறு ஆராதனை இப்போதும் நடக்கிறது, வருகிறவர்களை வாஞ்சையோடு சேர்த்துக்கொள்கிறார்கள். பழைய உயர்நிலைப் பள்ளிக் கட்டடத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆர்ச்சரி பண்ணைக்குக் கட்டாயம் போங்கள், அப்பா நடத்திய கடையும் காற்றாலையும் பார்க்கலாம். மின்சாரம் வருமுன் அவர்கள் குளித்த ஷவர், ஒரு தகர வாளியின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுக் கட்டித் தொங்கவிட்டது. வெயில் காலத்தில் போனால் தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள், பண்ணையில் நிழல் குறைவு.